சனிக்கிழமைச் சங்கிலி

"மனுஷனா நீங்க? வாயில்லா ஜீவனை இப்படியா கட்டிப்போட்டு வைப்பீங்க?"

வார்சாவிலிருந்து நான்கு மணி நேரம் பயணம் செய்து ஏரிக்கரையில் வந்து இறங்கிய யோலாந்தா, வாடகை வீட்டுச் சாவியை வாங்குவதற்கு முன்பே சண்டையைத் தொடங்கிவிட்டாள்.

கரையில் இருந்த நான்கு மரவீடுகளுக்கும் சொந்தக்காரரான ஸெனோன் சாவிக்கொத்தோடு விழித்தார். அவருக்குப் பின்னால், வேலிக் கம்பத்தில் சங்கிலியால் கட்டியிருந்த பழுப்பு நாய் ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

"அது வந்தும்மா, இன்னிக்கு சனிக்கிழமை. சனிக்கிழமைன்னா..."

"சனிக்கிழமைன்னா நாய்க்குக் கழுத்து வலிக்காதா?"

ஸெனோன் சாவியை நீட்டினார். அந்த ஏரியில் மோட்டார் படகு விடக்கூடாது, சத்தமாகப் பாட்டு வைக்கக்கூடாது. கரையில் பலகையே நட்டிருக்கிறார்கள். யோலாந்தாவின் குரலைப் பற்றித்தான் பலகையில் ஒன்றும் எழுதவில்லை.

மறுநாள் காலையில் பார்த்தால், நாய் கட்டவிழ்ந்து படகுத்துறையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"பாத்தியா ரிஷார்ட்? நேத்து நாலு வார்த்தை நல்லாக் கேட்டேன். இன்னிக்கு அவுத்து விட்டுட்டாரு."

"ம்" என்றான் கணவன். சாய்வு நாற்காலியில் கிடந்தவன் முகத்தை மூடியிருந்த தொப்பியைக்கூட எடுக்கவில்லை.

நாயின் பெயர் புரெக் என்று தெரிந்ததும் யோலாந்தா முகத்தைச் சுளித்தாள். "ஊர்ல இருக்கற தெருநாய்க்கெல்லாம் இதே பேர்தான். இனிமே இவன் லியோ."

அந்த வாரம் முழுக்க லியோவுக்கு ராஜ உபசாரம். கரியடுப்பில் சுட்ட சாசேஜில் பாதி லியோவுக்கு. காலையில் வாங்கும் பெர்ரி பன்னும் லியோவுக்கு. ஏழு வயது மகள் கிங்கா ஏரியில் இறங்கினால், லியோவும் பின்னாலேயே குதித்து நீந்தும். யோலாந்தா இதையெல்லாம் கைபேசியில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பினாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து நாய் இவர்கள் வாசலிலேயே படுத்துக்கொண்டது.

"என் செல்லமே! என்னால மட்டும் முடிஞ்சா, இப்பவே உன்னைக் கையோட வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் காதில் விழும்படி கொஞ்சினாள்.

வியாழக்கிழமை ஸெனோன் தயங்கித் தயங்கி வந்தார்.

"ரொம்பப் பழக்காதீங்கம்மா. அது நம்பிடும்."

"அன்பா இருக்கறது தப்பா? உங்களுக்குத்தான் வரலை. வர்றவங்களையாவது விடுங்களேன்!"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை வந்தது. காலை பத்து மணிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பெட்டிகளைக் காரில் ஏற்றிவிட்டுத் திரும்பிய யோலாந்தா அப்படியே நின்றுவிட்டாள். வேலிக் கம்பம். சங்கிலி. லியோ.

"நான் கிளம்பறதுக்குள்ளயே புத்தியக் காட்டிட்டாரு பாரு! கிங்கா, போனை எடு. அம்மாவை வீடியோ எடு."

ஸெனோன் கடைசி வீட்டில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார். யோலாந்தா நிதானமாக, முகம் தெளிவாகத் தெரியும்படி திரும்பி நின்று, சங்கிலியைக் கழற்றி வீசினாள். நாய் துள்ளித் துள்ளி அவள் முகத்தை நக்கியது.

"போடா என் ராஜா! இனிமே நீ யாருக்கும் அடிமை இல்ல!"

கார் கிளம்பியது. 'ஓர் உயிரின் விடுதலை' என்று தலைப்பு வைத்து வீடியோவைப் போட்டாள். மரங்களுக்கு நடுவே மண்பாதை முடிவதற்குள் ஐம்பது பேர் இதயம் போட்டுவிட்டார்கள். யோலாந்தாவுக்கே கண் கலங்கியது.

கைபேசி அடித்தது. ஸெனோன்.

"அம்மா, நாயை அவுத்து விட்டீங்களா?" அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஆமா, நான்தான் அவுத்தேன். அதுக்கு என்ன இப்போ?"

"ஐயோ, மத்த ஆறு நாளும் அது அவுந்துதானேம்மா கிடக்கு! ரெண்டு வருஷம் முன்னாடி, லீவுக்கு வந்த ஒரு குடும்பம் அதை இங்கயே விட்டுட்டுப் போயிடுச்சு. அன்னிக்கும் சனிக்கிழமைதான். அதுலேர்ந்து பழகினவங்க கார் கிளம்புனா, அது விடாமப் பின்னாடியே ஓடும். போன வருஷம் பன்னெண்டு கிலோமீட்டர் ஓடி, பாதமெல்லாம் கிழிஞ்சு ரோட்டுல கிடந்துச்சு. அதனாலதான் சனிக்கிழமை வண்டிங்க எல்லாம் போய் அது அடங்கற வரைக்கும் கட்டி வைக்கறேன். தயவு பண்ணி காரை நிறுத்துங்கம்மா. பத்தே நிமிஷம். நான் வந்து தூக்கிக்கறேன்."

யோலாந்தா பின்பக்கம் திரும்பிப் பார்த்தாள். புழுதிக்குள் ஒரு பழுப்புப் புள்ளி, நாக்கைத் தொங்கவிட்டபடி ஓடி வந்துகொண்டிருந்தது. முன்னால் மரம் ஏற்றிய லாரிகள் பறக்கும் பெரிய சாலை.

"அம்மா, லியோ வர்றான்!" கிங்கா பின் சீட்டில் துள்ளினாள். "அப்பா, நிறுத்துங்க! நம்மகூடவே வரட்டும்!"

ரிஷார்ட் பிரேக்கில் கால் வைத்தான். "நிறுத்தட்டுமா?"

"நிறுத்தினா உள்ள ஏறிடும். சீட்டெல்லாம் சேறாயிடும். பத்து நிமிஷம் நின்னா வார்சா ரோட்டு நெரிசல்ல வேற மாட்டிப்போம்."

யோலாந்தா அழைப்பைத் துண்டித்தாள். திரையில் இதயங்கள் நூற்றுப் பத்து ஆகியிருந்தன.

"கொஞ்சம் வேகமா ஓட்டு ரிஷார்ட். கார் கண்ணுல படலைன்னா அதுவே திரும்பிப் போயிடும்."