மாமனார் எடுத்த போன்கள்

எட்டாவது போனையும் மாமனாரே எடுத்துக்கொண்டார்.

முந்தின நாள் சாயங்காலம் செத்துப்போனவர்.

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கண்ணாடிப் பெட்டிக்குள் மல்லாந்து கிடந்தார். இரண்டு காதிலும் அவரைக்கொட்டை அளவில் ப்ளூடூத் ஹெட்போன்.

"அது இல்லாம பார்த்தா அவர் மாதிரியே இல்ல" என்று மாமியார் சொல்லிவிட்டாள். சொன்னதோடு நிற்கவில்லை. ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு, விடிந்ததும் தன் கையாலேயே மாட்டிவிட்டாள்.

துக்க வீட்டில் யார் போய் எதிர்த்துப் பேசுவது?

மாப்பிள்ளைக்குக் கிடைத்த ஒரே வேலை, பெரியவருடைய போன். அந்த வீட்டுக்குள் அவன் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. அவனை எங்கே உட்கார வைப்பது, என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மாமியார்தான் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, போனைக் கையில் திணித்தாள்.

"விசாரிக்கிறவங்களுக்குப் பதில் சொல்லுங்க தம்பி."

சொல்லலாம்தான். ஆனால் அது ஒருமுறை வாளித் தண்ணீரில் விழுந்து எழுந்த போன். அன்றைக்கே தொண்டை கட்டிவிட்டது. ஹெட்போனில் மட்டும்தான் கேட்கும். ஹெட்போனோ பெட்டிக்குள், அவர் காதில்.

ஆகவே போன் வரும். அவன் பச்சையை அழுத்துவான். திரையில் விநாடிகள் ஓடும். யாரோ ஒருவர், இறந்தவரிடமே அவர் இறந்ததற்கு வருத்தம் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். ஒரு மகானுபாவர் ஆறு நிமிடம் பேசினார். அவன் கத்திய 'ஹலோ'க்கள் எங்கேயும் போய்ச் சேரவில்லை. பெரியவர் முகத்திலும் ஒரு சலனமும் இல்லை.

ஒன்பதாவது போன் வருவதற்குள் தன்னுடைய ஹெட்போனை அதோடு இணைத்துவிடுவது என்று முடிவுகட்டினான். அவன் லிஃப்ட் மெக்கானிக். பத்து பேரோடு பாதி வழியில் நின்றுபோன லிஃப்டையே கீழே இறக்கியிருக்கிறான். இது என்ன பிரமாதம்?

பையிலிருந்து எடுத்து, பட்டனை அழுத்திப் பிடித்தான். விளக்கு சிவப்பும் நீலமுமாகச் சிமிட்டியது. போன் தேட ஆரம்பித்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்களின் சட்டைப் பைகளும் கைப்பைகளும் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து நின்றன. 'கிட்ட வராதே' என்று ஒன்றுக்குப் பெயர். 'இது என்னோடது' என்று ஒன்று. அந்தக் கூட்டத்தில் தன்னுடையதைக் கண்டுபிடித்து அமுக்கினான்.

அரை நொடி இணைந்தது. அப்புறம் இணைப்பு பழக்கப்பட்ட நாய் மாதிரி பெட்டிக்குள்ளேயே ஓடிவிட்டது.

மறுபடி அமுக்கினான். மறுபடி ஓடியது.

வேறு வழியில்லை, மாமனாரைக் கழற்றிவிட வேண்டியதுதான். அவருடைய ஹெட்போன் பெயரைத் தொட்டான். போன் கேட்டது: 'இந்தச் சாதனத்தை மறந்துவிடவா?'

விரல் நின்றது.

ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கழுத்தை நீட்டிவிட்டாள் என்று, "இனி இந்த வாசப்படி மிதிக்காதே" என்றார் அப்பா. "மிதிச்சா ஏன்னு கேளுங்க" என்றாள் மகள். ஆறு வருடம் ஆயிற்று. இன்றைக்குக் காலையில்கூட மனைவியிடம் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தான். சொன்னது சொன்னதுதான் என்று அடுப்படியை விட்டு அசையவில்லை. சபதம் போடாத ஆள் தான் ஒருவன்தான் என்பதால் அவன் மட்டும் கிளம்பி வந்திருந்தான். அப்பாவையும் மகளையும் பிரித்த பாவி என்ற நினைப்பை ஆறு வருடமாகச் சுமந்துகொண்டு.

போன் அதிர்ந்தது.

'லிஃப்ட் கம்பெனி' என்றது திரை.

லீவு சொல்லாமல் வந்ததை மோப்பம் பிடித்து, இந்த நம்பருக்கே கூப்பிட்டுவிட்டார்களா? பதறிப்போய்ப் பச்சையை அழுத்தினான். அப்புறம்தான் பெயருக்குக் கீழே இருந்த எண் கண்ணில் பட்டது.

கடைசியில் மூன்று ஏழு.

மறக்காமல் இருக்கட்டும் என்று கடைக்காரனிடம் மல்லுக்கட்டி, கல்யாணமான வாரத்தில் அவனே பொறுக்கி எடுத்து, மனைவி கையில் கொடுத்த நம்பர்.

அவனுடைய சொந்தப் போன் சட்டைப் பையில் சும்மாதான் கிடந்தது.

திரையில் விநாடிகள் ஓடின. பெட்டிக்குள் மாமனார் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவன் ஹெட்போனை அவசரமாகக் காதில் செருகி, இணைப்பைத் தன் பக்கம் இழுக்கத் திரையைத் தடவினான். அந்தக் கையின் மேல் இன்னொரு கை விழுந்தது.

மாமியார். எப்போது எழுந்து வந்தாள் என்றே தெரியவில்லை. பார்வை பெட்டி மேலேயே இருந்தது. குரல் மட்டும் அவனுக்கு.

"கட் பண்ணிடாதீங்க மாப்ள. லிஃப்ட் கம்பெனியில இருந்து தினமும் பத்தரைக்குப் பேசுவாங்க. இவர் ஒரு மணி நேரம் 'ம்... ம்...'னு கேட்டுட்டே இருப்பார்."

சுவரில் மணி பத்து முப்பத்தொன்று.

கோபம் வரவேண்டிய இடம்தான். சிரிப்பு வந்தது. அதை இருமலாக மாற்றிக்கொண்டு, போனைக் கவிழ்த்து மடியில் வைத்தான்.

கொஞ்ச நேரம் கழித்து, தொழில் பழக்கத்தில், வீட்டை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான்.

ஓட்டு வீடு. மாடியே கிடையாது.