பாஸா, டிரம்ஸா

பகல் மூன்று மணிக்கே ஏற்காடு பஜாரில் பனி இறங்கி, அமீர் ஜானின் செருப்புக் கடைக்குள் நுழைகிறது. கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். பக்கவாதம் வந்த வலது கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளாய் மேசைமேல் கிடக்கிறது. இருபது வருடம் லாட்ஜ் விழாக்களில் டிரம்ஸ் வாசித்த கை. எதிர் ஸ்டூலில் மாதேஷ், நாகலூர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். அந்த இருபது வருடமும் அவர் பக்கத்தில் நின்று பாஸ் கிட்டார் வாசித்தவன். இரண்டு டீ கிளாஸ்களிலும் ஆடை படிகிறது. ராக் இசையில் பெரிய ஆள் யார் என்பது இவர்களுடைய தீராத வழக்கு. அமீர் ஜானுக்கு டிரம்மர் ஜான் பான்ஹம். மாதேஷுக்கு பாஸ் வாசித்த என்ட்விசில். வாதத்தில் மாதேஷ் கடைசி பஸ்ஸை விட்ட நாட்கள் உண்டு, வாதத்தை விட்டதில்லை. இன்று அந்தக் கையைப் பார்க்காமல் சொல்கிறான்: "நீங்க சொன்னதுதானுங்க பாய் சரி. டிரம்மர்தான் பெருசு. பான்ஹம் செத்ததும் அந்த பேண்டே நின்னு போச்சுங்களே."

வெளியே ஒரு ஜீப் ஹாரன் அடித்தபடி பனிக்குள் போகிறது. சத்தம் அடங்கும்வரை அமீர் ஜான் அவனையே பார்க்கிறார்.

"என்னை ஜெயிக்க வச்சு மேல அனுப்பப் பாக்குறியா, மாதேஷ்?"

மாதேஷ் தலை குனிகிறான். ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு கிளாஸை வைக்கிறான். "அந்த பான்ஹம் நொம்பச் சத்தமுங்க பாய்," என்கிறான். "பாட்டு நிக்கறதே பாஸ் மேலதானுங்க."

அமீர் ஜானின் இடது கை மேசையைத் தட்ட ஆரம்பிக்கிறது, வலது கை அடிக்க வேண்டிய இடங்களை அப்படியே காலியாக விட்டு.