அம்மா தொடாத புத்தகங்கள்

திண்டிவனத்திலிருந்து சனிக்கிழமை காலையிலேயே லேடீஸ் ஹாஸ்டலுக்கு வந்து நின்றாள் சந்திரவதி. "பட்டணத்துல அழகழகா லைப்ரரி இருக்காமே, காட்டுடி" என்றாள்.

மகள் ரத்னமாலாவுக்குத் தலை சுற்றியது. வாரப் பத்திரிகைகூடப் புரட்டாத அம்மாவுக்கு இதென்ன ஆசை?

முதல் நாள் அடையாறு லைப்ரரி. மறுநாள் பல்லவன் பஸ்ஸில் எழும்பூர் லைப்ரரி. எல்லோரும் வண்ணக் கண்ணாடிக் கூரையை அண்ணாந்து பார்க்க, சந்திரவதி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு புக்கையாவது தொட்டுப் பாரும்மா!"

"நீ பாரு. நான் சும்மா குந்தியிருக்கேன்."

வெயில் தாழ்ந்தது. ரத்னமாலா டிபன் பாக்ஸை எடுத்தாள். "பொழுது சாயப்போவுது. வெளியில போயி சாப்பிட்டுடலாம்மா."

"நீயேதான் சொன்னே!" என்று அம்மா பூரித்தது ஏனென்று அவளுக்குப் புரியவில்லை.

வெளிப்படிக்கட்டில் ஓர் இளைஞன் அவசரமாகத் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் பக்கத்திலிருந்த அம்மாளும் சந்திரவதியும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள்.

"யாரும்மா அவங்க?"

"உனக்குப் பாத்திருக்கற விழுப்புரத்துப் பையனும் அவங்கம்மாவும். பட்டணத்துல இருக்கற நீங்க ரெண்டு பேரும், இருட்டுறதுக்குள்ள சாப்பிடற நம்ம ஜைனப் பழக்கத்தை உட்டுட்டீங்களோன்னு எங்களுக்குச் சந்தேகம். சொல்லாம கொள்ளாம பாக்கலாம்னு பேசிக்கினோம்."

அதற்குள் அந்த இளைஞன் கையைத் துடைத்துக்கொண்டு, திருதிருவென்று விழித்தபடி ரத்னமாலாவிடம் வந்தான்.

"ஏங்க, உங்கம்மாவும் ஒரு புக்கைக்கூடத் தொடலீங்களா?"