யாருடைய அளவோ

வேலாயுதம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய சொகுசுக் கார், தன்னை முன்பு ஓட்டிய யாரோ ஒரு குள்ளமானவரின் அளவை மறப்பதாக இல்லை. சாவியைத் திருப்பியதும் இருக்கை மெல்ல முன்னால் நகரும்; ஸ்டியரிங் தாழ்ந்து வந்து தொப்பையில் இடிக்கும்; பக்கக் கண்ணாடிகள் குனிந்துகொள்ளும். ஆறடி உயரக்காரரான வேலாயுதம் பொத்தான்களை அழுத்தி எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளுவார். அடுத்த முறை மறுபடியும் அதே கதை.

மெக்கானிக் அந்தோணி குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான். "சீட்டுக்கு அடியில, அளவை ஞாபகம் வெச்சுக்கற எலக்ட்ரானிக் போர்டு போயிருச்சுங்ண்ணா. மாத்தோணும்னா தொண்ணூறாயிரம் ஆகும். மத்தபடி வண்டி தங்கமுங்க."

"அந்தக் காசுக்கு ஒரு கறவை மாடே பிடிச்சுப் போடலாமே!"

அருகில் நின்ற மனைவி ருக்குமணி சாவிக்குக் கை நீட்டினாள். அவள் லைசென்ஸ் வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. கேட்கும்போதெல்லாம், "உனக்குக் கால் எட்டாது புள்ள" என்று சொல்லிவிடுவார். இன்று, பார்க்கட்டுமே என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

அவள் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். இருக்கை நகர்ந்தது. ஸ்டியரிங் தாழ்ந்தது. கண்ணாடிகள் குனிந்தன. எல்லாம் நின்றபோது அவளுடைய பாதம் பிரேக்கின் மேல் முழுதாகப் பதிந்திருந்தது.

"எனக்கு அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்குதுங்க."

அந்தோணி கையைத் துடைத்தபடி கேட்டான்: "போர்டுக்கு ஆர்டர் போட்டுரட்டுங்களாண்ணா?"

வேலாயுதம் வண்டியைச் சுற்றி வந்து, இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். அங்கே கால் நீட்ட நிறைய இடம் இருந்தது.