பெருவிரல்

சாயப்பட்டறை மெஷினை ஓட்டும் பழைய கன்ட்ரோலர் பத்தொன்பது வருடங்களாக எலக்ட்ரீஷியன் மயில்சாமிக்கு மட்டுமே வாய் திறக்கும். கம்ப்யூட்டரின் லூசான வயரை அதில் செருகி, புரோகிராம் ஏறி முடியும்வரை பெருவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதியில் அறுந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்து மெஷின் பிணமாகிவிடும். அந்தப் பிடி வேறு யாருக்கும் வரவில்லை. இன்று வந்த இஞ்சினியர் ஷர்மிளா, தான் கொண்டுவந்த புது வயரைச் செருகினாள். முதல் தடவையிலேயே கன்ட்ரோலர் பதில் சொன்னது. வந்த அன்றைக்கே இவளிடம் இத்தனை இளிப்பா என்று மயில்சாமிக்கு வயிறு எரிந்தது. “நான் புடிச்சாத்தான் நிக்கும் அம்மிணி” என்று பெருவிரலை வைத்து அழுத்தினார். திரையில் முப்பது சதவீதம் ஆனபோது, செத்துத் தொலையட்டும் என்று விரலை மெல்ல எடுத்தார். நாற்பது ஆனது. ஐம்பதும் ஆனது. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கன்ட்ரோலரையே முறைத்தார். எழுபதைத் தாண்டியது. “கைய எடுத்துராதீங்கண்ணா, இன்னும் கொஞ்சந்தான்” என்றாள் ஷர்மிளா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“புடிச்சுட்டுத்தான் இருக்கறேன்” என்றார் மயில்சாமி.