சேர்மன் படுத்த விதம்

"ஐயோ சேர்மன், மாளிகையும் போச்சே! எங்கடை வீட்டை வாங்கோ, புட்டு இருக்கு!"

திரையைப் பார்த்து றோஸ்மேரி கத்த, தேவாலயத்தின் பங்கு மண்டபம் சிரித்தது.

திரையில் அருளையா, ஆட்சியை இழந்த ஜனாதிபதி வேடத்தில். போக இடமில்லாமல் தெருவில் நிற்கிறார். மார்த்தா என்கிற பலெர்மோக்காரப் பெண் எடுத்த, யாரும் கேள்விப்படாத சின்னப் படம்.

மன்னாரில் அவர் ஒருகாலம் உண்மையிலேயே ஊர்ச்சபைச் சேர்மன். பதவிக் கதிரை போய், ஊரும் போய், முதலில் தனியே இங்கே இத்தாலிக்கு வந்தவர். சினோராக்களின், இந்த ஊர்ச் சீமாட்டிகளின், வீட்டுத் தரை துடைத்தே வயது போனது. ஆனாலும் நம் சனத்துக்கு அவர் இன்றும் சேர்மன்தான். அந்த ஒரு மரியாதையை மட்டும் கசங்காமல் வைத்திருந்தார்.

மண்டபத்தில் அவருக்குப் பக்கத்தில் இருந்த மனைவி செலஸ்ரீனாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

திரையில் அவர் படுக்க ஆயத்தமானார்.

பெட்டி மட்டையை மடித்து இடுப்புக்குக் கீழே வைத்தார். பத்திரிகைத் தாளைக் கசக்கிச் சட்டைக்குள் நெஞ்சோடு திணித்தார். சப்பாத்தைக் கழற்றி, அதன் கயிறுகளை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, தலைக்கு வைத்தார்.

கை எதையும் யோசிக்கவில்லை.

செலஸ்ரீனாவின் சிரிப்பு நின்றது.

அவர் இங்கே தனியே வந்த முதல் குளிர்காலத்தில், ஊரில் இருந்த அவளுக்கு ரெலிபோனில் சொன்னது காதில் கேட்டது: "மெத்தை சரியான மெது, செலஸ்ரீனா. அதுதான் நித்திரை வருகுதில்லை."

"உதெல்லாம் ஆர் பழக்கினது சேர்மன்? உண்மையாத் தெருவிலை கிடந்த ஆள் மாதிரியெல்லோ இருக்கு!" றோஸ்மேரி திரும்பிக் கேட்டாள்.

அருளையா வாயைத் திறந்தார்.

"நான்தான்," என்றாள் செலஸ்ரீனா. "ஒரு கிழமையா நிலத்திலை படுக்கவைச்சுப் பழக்கினனான். பிறகு முதுகு பிடிச்சுதெண்டு எண்ணெய் தேய்ச்சதும் நான்தான்!"

"சேர்மனுக்கு மேலை ஒரு சேர்மன்!" என்றது பின்வரிசை. மண்டபம் குலுங்கியது.

படம் முடிந்து இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். பல்லரோச் சந்தை தாண்டி, ஒடுங்கிய தெருவில் ஒரு பழைய மாதா கோயில் வாசல், வீடில்லாதவர்கள் இரவில் மட்டை விரிக்கும் இடம். அதை நெருங்கும் போதெல்லாம், "இஞ்சாலை வெயில்" என்று சொல்லி அவர் மறுபக்கம் மாறிவிடுவார். இத்தனை வருடமும் அவள் அதை வெயில் என்றே நம்பியிருந்தாள்.

இன்று அவர் சொல்வதற்குள் அவள் அவருடைய கையைப் பிடித்தாள்.

"இஞ்சருங்கோ, அங்காலைப் பக்கம் போவம். இஞ்சை வெயில்."

தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.