கன்னத்தில் மூன்று பூச்சு

அழகுசாதனக் கடைக்கு வந்த அம்மாளின் கன்னம் நீலம் பாரித்துக் கிடந்தது. கடைக்காரப் பெண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சாயங்காலம் பொண்ணு வர்றா. பார்த்தா துடிச்சுப் போயிடுவா. மறைக்க முடியுமாம்மா?”

“எப்படி ஆச்சு?”

“பாத்ரூம்ல வழுக்கிட்டேன்.”

“இங்க வர்ற எல்லாருமே பாத்ரூம்லதான் வழுக்குறாங்க. அடிச்ச கையை விட்டுட்டு கன்னத்தை மறைக்கிறீங்க!”

“அடிக்க வீட்ல யாரும்மா இருக்கா? அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு.”

கடைக்காரப் பெண் அசடு வழிந்தாள். மினரல் பவுடரைப் பிரஷ்ஷில் தொட்டு, தட்டி உதிர்த்து, மெல்லிசாக மூன்று முறை பூசினாள்.

“இதுல வாசனை கிடையாது, எரியாது. வேர்த்தாலும் சட்டுனு வழியாது. மேக்கப் போட்டிருக்கறதே தெரியாது. பெத்த தாய் பக்கத்துல நின்னு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது.”

கண்ணாடியில் காயம் இருந்த சுவடே இல்லை. ஆனால் அம்மாளின் பார்வை பவுடர் டப்பாவின் மேல் குத்திட்டு நின்றது.

“இதே டப்பா... கல்யாணம் ஆனதுலேர்ந்து என் பொண்ணு கைப்பையில இருக்கு.”

அம்மாள் போனை எடுத்து மகளை அழைத்தாள்.

“கண்ணு, மாப்பிள்ளை வேண்டாம். நீ மட்டும் வா. வந்ததும் முதல்ல என் எதிரே முகத்தைக் கழுவு.”